அத்தியாயம் 7: நடவு நாளில் சர்க்கரை

வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால், கல்லணையைத் தாண்டித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரச் சில நாள் ஆகும். அதற்குள் காவிரி டெல்டாவில் வேலை சூடு பிடித்துவிடும். வரப்பு வெட்டுவது, நாற்றங்கால், சேறடிப்பு, நாற்றுப் பறி, நடவு என்று அடுத்தடுத்து வந்து நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் வீட்டோடு இருந்த உடம்பு, ஒரே வாரத்தில் நாளுக்கு ஆறேழு மணி நேரம் சேற்றில் குனிந்து நிமிர ஆரம்பிக்கிறது. ஆனால் ஏப்ரலில் எழுதிக் கொடுத்த சுகர் மாத்திரை ஜூனிலும் அதே அளவில்தான் போகிறது. காலைச் சாப்பாடோ அதே அளவு, பல நாள் அதைவிடக் குறைவு. வயல்வேலை செய்யும் சர்க்கரை நோயாளிக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. உழைப்பு கூடுகிறது, மாத்திரையும் சாப்பாடும் அதற்கேற்ப நகர்வதில்லை.

சர்க்கரை நோய் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குத்தான் வரும் என்ற எண்ணம் கிராமத்தில் இன்னும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. கிராமத்துப் பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேர். வயலில் ஒரு நடவு கேங் இறங்கினால் அதில் ஒருவராவது சுகர் மாத்திரை போட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

உழைக்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். சும்மா இருக்கும் தசை, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ள இன்சுலின் வேண்டும். வேலை செய்யும் தசைக்கு அது பெரிதாகத் தேவையில்லை, தானாகவே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் உழைப்பு சர்க்கரையைக் குறைக்கிறது. வேலை முடிந்த பிறகும் தசைகள் தாங்கள் செலவழித்த இருப்பை மறுபடி நிரப்பிக்கொள்ளும், அது 24 மணி நேரம் வரைகூடத் தொடரலாம். ஆகவே பகலில் பட்ட பாட்டின் விளைவு ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கத்தில் தெரியவரலாம். மண்வெட்டி பிடிக்கும் நாளில் நீங்கள் போடும் மாத்திரையோடு இன்னொரு மருந்தும் சேர்ந்து வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அளவை யாரும் சீட்டில் எழுதித் தரவில்லை.

உங்கள் மாத்திரை எந்த வகை

எல்லாச் சுகர் மாத்திரையும் சர்க்கரையை ஒரேயடியாகத் தாழ்த்தாது. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு, சாப்பாட்டை அறவே விட்டாலொழிய, லோ சுகர் வருவது அரிது. டெனிலிகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவையும் தனியாகப் போட்டால் அப்படித்தான். ஆபத்து இரண்டில் இருக்கிறது. ஒன்று இன்சுலின் ஊசி. இன்னொன்று கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு ஆகிய மாத்திரைகள். இவை கணையத்தை அழுத்தி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா, நடவுக்குப் போனீர்களா என்று பார்த்துச் சுரக்க வைப்பதில்லை.

மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். மெட்பார்மினும் கிளிமிபிரைடும் ஒரே மாத்திரையில் கலந்து வருவது மிகவும் சாதாரணம். "நான் மெட்பார்மின்தான் போடுறேன்" என்று சொல்பவரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டும் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்துக் கடையிலோ அட்டையை நீட்டி, "இது சுகரை ரொம்ப இறக்குற மாத்திரையா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் இந்த அத்தியாயத்தின் மீதி முழுவதும் உங்களுக்கானது.

விடியற்கால மாத்திரை

நடவுக்குப் போகும் வீடுகளில் நாலரை, ஐந்து மணிக்கே அடுப்பு எரியும். பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் சமைத்து வைத்துவிட்டு, தனக்கென்று ஒரு டம்ளர் டீயைக் குடித்து, "சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதியிருக்கிற மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். கரையில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கப் பத்து மணி ஆகும். நான்கு மணி நேரம் வெறும் வயிறு, உள்ளே கிளிமிபிரைடு, வெளியே இடுப்பொடிக்கும் வேலை. டாக்டர் "முன்" என்று எழுதியது சாப்பாட்டுக்குச் சற்று முன் என்ற பொருளில். நான்கு மணி நேரம் முன் என்ற பொருளில் இல்லை.

இதற்கு வழி எளிது. மாத்திரை சாப்பாட்டோடு போக வேண்டும். முதல் நல்ல சாப்பாடு வயலில் பத்து மணிக்கு என்றால், மாத்திரையும் தூக்குவாளியோடு வயலுக்கு வரட்டும். அல்லது கிளம்பும் முன்பே சாப்பிடுங்கள், இதுதான் மேல். இந்த நேர மாற்றத்தை டாக்டரிடமோ செவிலியரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சாப்பாடு இல்லாமலே போகும் வேளையில் கிளிமிபிரைடு வகை மாத்திரையைப் போடக் கூடாது.

இன்சுலின் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பரவலாகக் கிடைக்கும் 30/70 கலவை ஊசியைப் போட்டு அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். அதில் ஒரு பகுதி உடனே வேலை செய்யும். இன்னொரு பகுதி நாலிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். காலை ஏழு மணி ஊசி பதினொன்றுக்கு மேல் இழுக்க ஆரம்பிக்கும், வயலில் வேலை முறுகி நிற்கிற அதே நேரத்தில். அதனால் பத்தரை மணிச் சாப்பாடு அவர்களுக்குக் கட்டாயம். கால்கள் ஓயாமல் வேலை செய்யப்போகிற நாளில் தொடையில் போட்ட ஊசி வேகமாக இறங்கும், வயிற்றில் போடுவது நல்லது. பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 40 அளவு, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 அளவு மருந்துக்கானது. மாற்றிப் போட்டால் கோடு சரியாக இருக்கும், மருந்து இரண்டரை மடங்கு கூடியோ குறைந்தோ போகும்.

தூக்குவாளியில் என்ன இருக்க வேண்டும்

உழைக்கிற உடம்புக்குச் சோறு வேண்டும். நகரத்தில் மேசைமுன் உட்கார்ந்திருப்பவருக்கு எழுதிய உணவுச் சீட்டை அப்படியே கொண்டுவந்து "இரண்டு இட்லி, ஒரு கப் சோறு" என்று வயல்வேலைக்காரருக்குத் திணிப்பது அநியாயம். நான் பார்த்தவரையில், அப்படிச் சீட்டு வாங்கியவர்கள் இரண்டு நாள் கடைப்பிடித்துவிட்டு, மூன்றாம் நாள் பசி தாங்காமல் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். சோற்றைக் குறைப்பதைவிட அதைப் பிரித்துச் சாப்பிடுவதும், கூடவே பயறு, முட்டை, மீன், கீரை என்று ஏதாவது சேர்ப்பதும்தான் நடைமுறையில் நிற்கும்.

ஒரு கப் சோற்றில், அதாவது சுமார் 150 கிராமில், 40 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஒரே வேளையில் நான்கு கப் வைத்துக்கொண்டு வெறும் குழம்போடு சாப்பிட்டால் சர்க்கரை ஒரேயடியாக ஏறி, பிறகு வேலையில் மளமளவென்று இறங்கும். கிளம்பும் முன் ஒன்றரை கப், பத்தரைக்கு ஒன்றரை, வேலை முடிந்து வந்து மதியம் ஒன்று என்று பிரித்துவிட்டால் அதே சோறுதான், ஏற்ற இறக்கம் மட்டும் தணியும். இந்த அளவுகள் ஒரு மாதிரிக்குத்தான். உங்கள் எடையும் வேலையும் வேறாக இருந்தால் அளவும் மாறும்.

பழைய சோறு தாராளமாகச் சாப்பிடலாம். ஆறி ஊறிய சோறு சூடான சோற்றைவிடச் சற்று மெதுவாகச் செரிக்கும். உப்பும் தண்ணீரும் சேர்ந்தே உள்ளே போவதால் வெயில் வேலைக்கு அது பொருத்தமும்கூட. ஆனால் நீராகாரத்தை மட்டும் குடித்துவிட்டுச் சாப்பிட்டதாகக் கணக்கு வைக்காதீர்கள். அதில் மாவுச்சத்து மிகக் குறைவு, மாத்திரைக்கு அது ஈடு கொடுக்காது. பழைய சோற்றோடு சின்ன வெங்காயம், மிளகாய் போதும் என்று நிறுத்தாமல், ஒரு முட்டையோ கருவாட்டுத் துண்டோ கைப்பிடி வேர்க்கடலையோ சேருங்கள். முட்டையில் 6 கிராம் புரதம், கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். இவை சோறு ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும், பசியையும் தள்ளிப்போடும்.

கேழ்வரகு, கம்பு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சர்க்கரைக்குக் கேழ்வரகு மருந்து என்று நம்பி, நைசாக அரைத்த மாவில் கூழ் காய்ச்சி இரண்டு சொம்பு குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கேழ்வரகிலும் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக மாவுச்சத்துதான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம் என்பதால் நல்ல உணவு, சந்தேகமில்லை. ஆனால் குழையக் காய்ச்சிக் குடித்தால் வேகமாக ஏற்றும். களியாகவோ அடையாகவோ மென்று தின்பது மேல். கம்பங்கூழில் மோர் ஊற்றிக் குடிப்பவர்கள் மோரைத் தாராளமாகவும் கூழை அளவாகவும் வைத்துக்கொள்ளலாம்.

கரைக்கு வரும் டீ, ஒரு நாளில் மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இது கணக்கில் வராமலே போகிறது. வேலையோடு வேலையாக அது செலவாகிவிடும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் வேலை இல்லாத நாளிலும் அதே டீ தொடர்கிறது, அங்கேதான் சிக்கல். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்பதும் சரியல்ல, அவையும் சர்க்கரைதான். பதநீர் ஒரு டம்ளரில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், கரும்புச் சாறு அதற்கும் மேல். இளநீர் பரவாயில்லை, ஒரு காயில் 10 கிராம் அளவுக்கு இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், இளநீரில் பொட்டாசியம் அதிகம். மோரில் உப்புப் போட்டுக் குடிப்பதற்கு இணையாக வயலுக்கு வேறொன்று எனக்குத் தெரியவில்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுபவர்கள் உப்பைக் கொஞ்சமாகப் போட்டால் போதும்.

வேலைக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்

குளுக்கோமீட்டர் இருப்பவர்கள் சீசனின் முதல் சில நாளாவது இரண்டு முறை பாருங்கள். கிளம்பும் முன் ஒன்று, வேலை நடுவில் கரையேறும்போது ஒன்று. ஸ்ட்ரிப் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது தெரியும். அதனால்தான் நாள்தோறும் என்று சொல்லவில்லை. உங்கள் உடம்பு எவ்வளவு வேலைக்கு எவ்வளவு இறங்குகிறது என்பது அந்தச் சில நாளிலேயே பிடிபட்டுவிடும்.

கிளம்பும் முன் 90க்குக் கீழ் இருந்தால் சாப்பிடாமல் இறங்காதீர்கள். 90க்கும் 180க்கும் இடையில் இருந்தால் வழக்கமான சாப்பாட்டோடு போகலாம். 250க்கு மேல் இருந்து, வாய் வறட்சி, அடிக்கடி சிறுநீர், குமட்டல், வயிற்று வலி என்று ஏதாவது இருந்தால், வேலை செய்தால் இறங்கிவிடும் என்று வயலுக்குப் போகக் கூடாது. இன்சுலின் போதாத உடம்பில் கடும் வேலை சர்க்கரையை மேலும் ஏற்றும். அன்று ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

கையை வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். வாழைப்பழம் உரித்த விரலில் எடுத்தால் இல்லாத சர்க்கரையைக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவை வரப்பில் வெயிலில் வைக்காதீர்கள், மூடியைத் திறந்தும் போடாதீர்கள். சூடும் ஈரமும் பட்ட ஸ்ட்ரிப் சொல்லும் எண்ணை நம்ப முடியாது.

லோ சுகர் வந்தால்

70க்குக் கீழே போனால் லோ சுகர். கை நடுக்கம், படபடப்பு, வேர்த்து ஊற்றுவது, அடங்காத பசி, கண் இருட்டுவது ஆகியவை வழக்கமான அடையாளங்கள். வயலில் எல்லோருக்கும் வேர்க்கிறது, எல்லோருக்கும் பசிக்கிறது, குனிந்து நிமிர்ந்தால் எல்லோருக்கும் கிறுகிறுக்கிறது. ஆகவே நோயாளியே அதை வெயில் மயக்கம் என்று தள்ளிவிடுவார். ரத்தக் கொதிப்புக்கு அட்டெனலால், புரோப்ரனலால் போன்ற மாத்திரை போடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். நீண்ட நாள் நோயாளிகளுக்கும் முன்னெச்சரிக்கை மழுங்கியிருக்கும். பூச்சி மருந்து அடிக்கும் நாளில் மருந்தின் நச்சாலும் இப்படி வேர்க்கலாம். அப்போது உடனே ஸ்பிரேயரை இறக்கிவைத்து, கை முகம் கழுவி, இரண்டையும் சந்தேகப்பட வேண்டும்.

அதனால் பக்கத்தில் நிற்பவரின் கண்தான் நம்பத் தகுந்தது. நடவில் கையோட்டம் ஒரே சீராகப் போகும். ஒருவர் மட்டும் பின்தங்குவார். நாற்று முடியைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார், அல்லது நட்ட இடத்திலேயே மறுபடி ஊன்றுவார். "என்ன அண்ணி, நாத்தக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் வரும், சில சமயம் எரிந்து விழுவார். அந்த எரிச்சலுக்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மூளைக்குச் சர்க்கரை போதவில்லை என்பதன் அடையாளம் அது. கையைப் பிடித்துக் கரைக்கு ஏற்றுங்கள். மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் அதைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், முதலில் இனிப்பு.

கொடுக்க வேண்டியது 15 கிராம் சர்க்கரை. குவித்து மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ வீட்டுச் சர்க்கரையோ அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. தெளிந்ததும் சோறோ வாழைப்பழமோ சுண்டலோ ஏதாவது சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். பிஸ்கட், சாக்லேட் முதலுதவிக்கு உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். ஓ.ஆர்.எஸ். கரைசலும் இதற்குப் போதாது. ஒரு லிட்டர் பாக்கெட் முழுவதிலுமே 13.5 கிராம் குளுக்கோஸ்தான். வோக்லிபோஸ், அகார்போஸ் சேர்ந்த மாத்திரை போடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும், அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும்.

பொடியை வீட்டிலேயே மூன்று ஸ்பூன் வீதம் பொட்டலம் கட்டி, இறுக மூடும் சின்ன டப்பாவில் போட்டு மடியில் செருகிக்கொள்ளுங்கள். கரையில் உள்ள பையில் வைத்தால் வயலின் நடுவில் மயங்குபவருக்கு அது எட்டாது. கேங்கில் இருக்கும் இரண்டு பேருக்காவது உங்களுக்குச் சுகர் இருப்பதும், டப்பா எங்கே இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயத்தில் நோயை மறைப்பவர்கள் பலர். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. முதலாளியிடம் சொல்லாவிட்டாலும் பக்கத்து வரிசையில் நடுகிற அக்காவிடம் சொல்லுங்கள். டிராக்டரோ அறுவடை எந்திரமோ ஓட்டுபவர்கள், வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே இனிப்பைச் சாப்பிட வேண்டும். தெளிந்த பிறகும் முக்கால் மணி நேரமாவது ஓட்டாமல் இருங்கள்.

தண்ணீரும் காலும்

வயலில் வேலை செய்யும் பெண்கள் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறார்கள். ஒதுங்க இடம் இல்லை என்பதே காரணம். இது நோயாளியின் குற்றமல்ல. ஆனால் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை கெட்டிப்படும், சிறுநீர்த் தொற்று வரும், சிறுநீரகம் பாதிக்கும். டாபாகிளிபுளோசின் வகை மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது, தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதைப் போடுபவர்கள் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது பெரும் ஆபத்து. வேலை தொடங்கும் முன் இரண்டு டம்ளர், பிறகு தாகத்துக்குக் காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கேங்காகப் போகிறவர்கள் நான்கு குச்சி நட்டுப் பழைய சேலையால் ஒரு மறைப்புக் கட்டிக்கொள்வது சின்ன வேலைதான், அதைக் கூச்சமில்லாமல் செய்ய வேண்டும்.

கரையேறியதும் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள். மரத்துப்போன காலில் கருவேல முள் ஏறினால் வலிக்காது. சேற்றுப்புண் ஆறாமல் இருந்தாலும், முள் குத்திய இடம் சிவந்து சூடாக இருந்தாலும், அன்றே காட்டுங்கள்.

ராத்திரியும் கோடையும்

கடுமையாக உழைத்த நாளின் இரவில் பலருக்குத் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கும். விடியும்போது தலைவலி, நனைந்த தலையணை, கெட்ட கனவு ஆகியவை அதன் அடையாளங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடோ போடுபவர்கள் அப்படிப்பட்ட நாளில் ராச்சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலோ, ஒரு சின்ன வாழைப்பழத்தோடு கொஞ்சம் கடலையோ சாப்பிடுங்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் மோட்டார் போடப் போகிறவர்கள் தனியாகப் போகாமல் இருப்பது நல்லது. உடம்பு வலிக்கு என்று குடிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: சர்க்கரை இறங்கும்போது ஈரல்தான் சேமிப்பிலிருந்தும் புதிதாகச் செய்தும் கொடுக்கும். சாராயம் உள்ளே இருந்தால் ஈரல் புதிதாகச் செய்யாது. லோ சுகரில் தடுமாறுபவரைப் பார்ப்பவர்களும் போதையில் கிடக்கிறார் என்று விட்டுவிடுவார்கள்.

அறுவடை முடிந்து வேலை ஓய்ந்த மாதங்களில் கதை தலைகீழாகும். அதே சோறு, அதே டீ, உழைப்பு மட்டும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவது இதனால்தான். எச்பிஏ1சி சோதனை மூன்று மாதச் சராசரியைக் காட்டும். மே மாத எண்ணைப் பார்த்து டாக்டர் மருந்தைக் கூட்டினால், ஜூனில் நடவு தொடங்கும்போது அந்தக் கூடுதல் மருந்தே காலை வாரும். இதைத் தவிர்க்க, எந்த மாதம் என்ன வேலை என்பதை ஒரு தாளில் எழுதி டாக்டர் முன் வையுங்கள். குறுவை நடவு, களை, சம்பா நடவு, தை அறுவடை, கோடை ஓய்வு என்று ஐந்து வரி போதும். "வேலை நாளுக்கு ஒரு அளவு, வேலையில்லாத நாளுக்கு ஒரு அளவு எழுதிக் குடுங்க டாக்டர்" என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம். ஊசி அளவைக் குறைப்பது, லோ சுகர் தராத மாத்திரைக்கு மாற்றுவது என்று அவருக்குப் பல வழிகள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பலருக்கு மருந்து வீட்டுக்கே வருகிறது. பெரிய உதவி அது. ஆனாலும் சீசன் மாறும்போது ஒருமுறை நேரில் போய் அளவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நினைவு தப்பினால்

வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சேற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் தூக்கி, நிழலில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108க்குக் கூப்பிட்டு "சுகர் பேஷன்ட், நினைவில்லை" என்று சொல்லி, பெரிய வண்டி வந்து நிற்கக்கூடிய சாலையின் அடையாளத்தையும் சொல்லுங்கள். ஒருவர் சாலைக்கு ஓடி நிற்கட்டும். இன்னொருவர் வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்து வரட்டும். ஆம்புலன்ஸில் குளுக்கோஸ் ஏற்றியதும் அவர் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்" என்பார். விடாதீர்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவற்றால் இறங்கிய சர்க்கரை, குளுக்கோஸின் வேகம் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அது ஒரு நாளுக்கு மேலும் நீளும். அட்டையை டாக்டரிடம் கொடுத்து, குறைந்தது ஒரு நாளாவது ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.